சவாரிக் குதிரை வாங்குகையில் அங்கக் குறைகளைச் சீர்தூக்கும் முறை

மோட்டார் வாகனங்கள் பெருகிய பின்னர்க் குதிரையின் உபயோகம் மிகவும் சுருங்கிவிட்டதாயினும், அடியோடு அற்றுப் போகவில்லை. மலைச்சரிவிலுள்ள தோட்டங்களைச் சுற்றிப் பார்ப்பவரும், கொடைக்கானல், உதகமண்டலம் முதலிய இடங்களில் சவாரிக்கு விடுபவரும், ஆசையினால் ஒன்றிரண்டை வைத்து வளர்க்கும் நிலச்சுவான்தாரரும் இன்றும் குதிரை வாங்குகின்றனர். ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்கு மாடுகளுடன் குதிரைகளும் விற்பனைக்கு வருகின்றன. நல்ல உழவு மாட்டைக் கண்டவுடன் மதிப்பிடவல்ல குடியானவர், அதே சந்தையில் குதிரையின் முன் நிற்கும்பொழுது திகைப்படைந்து விடுகிறார். அதன் நிறத்தையும், நெற்றிச் சுட்டியையும், சுழிகளையும், காதின் வளைவையும் பார்க்கிறார், கால்களைப் பார்ப்பதில்லை.

இதனால் நேரும் நஷ்டம் அற்பமன்று. பசுவுக்குக் காலில் ஊனம் நேரினும் அது பாலும் கன்றும் தரும். சவாரிக் குதிரை நொண்டியாய்விட்டால் கொள்ளும் புல்லும் தின்பதொழிய வேறொன்றுக்கும் உதவாது. கொடுத்த விலை போவதோடு தீனிச் செலவும் கூடிக்கொண்டே வரும். முடிவில் அப்பிராணி தெருவில் அவிழ்த்துவிடப்பட்டு வதைபடுவதைப் பல ஊர்களிலும் காணலாம். இவற்றினும் பெரிது ஒன்றுண்டு. இடறி விழும் குதிரை தன்மேல் ஏறியிருப்பவரையும் உடன் வீழ்த்துகிறது. ஆகையால் குறைகளை அறிந்து வாங்குவது பணத்தை மாத்திரமன்றி உயிரையும் காத்துக்கொள்ளும் காரியமாகும்.

தமிழ்நாட்டில் இது புதிய தொல்லையன்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ என்னும் வெனிஸ் நகரத்தார், ஆண்டுதோறும் அரபு நாட்டிலிருந்து திரளான குதிரைகள் பெருவிலைக்கு வாங்கப்பட்டதையும், அவற்றைப் பேணத் தெரிந்தவர் இல்லாமையால் அவற்றுள் மிகப் பல ஓராண்டுக்குள் மாண்டதையும் எழுதி வைத்திருக்கிறார்.

குறையற்ற குதிரை இல்லை

முதலில் மனத்திற் கொள்ளவேண்டியது, குற்றமொன்றும் இல்லாத குதிரை உலகத்தில் இல்லை என்பதே. ஒரு குறையைக் கண்டவுடன் வேண்டாமென்று ஒதுக்குகிறவருக்குக் குதிரையே அகப்படாது. ஒரு குறையையும் பாராமல் வாங்குகிறவருக்கு நொண்டிதான் அகப்படும். இக்குறை எவ்விடத்தில் உள்ளது, எவ்வளவு உள்ளது, வாங்குபவரின் வேலைக்கு அது எவ்வளவு இடையூறு, அதே குறையுடன் அக்குதிரை இதுவரை எவ்வளவு உழைத்திருக்கிறது, வேறு நல்ல அமைப்பு எதனாலும் அது ஈடுசெய்யப்படுகிறதா என்று இவ்வாறு தராசில் வைப்பதுபோல் நிறுத்துப் பார்ப்பதே திறமையாகும். கண்ணுக்கு அழகற்ற குறை வேறு, வேலையைக் கெடுக்கும் குறை வேறு. பெருந்தலை, தொங்கும் காது, மெலிந்த வால், பன்றிக் கண் எனப்படும் சிறு கண் முதலியவை விலையைக் குறைக்கலாம்; நடையைக் குறைப்பதில்லை.

சுழிகளைப்பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நன்று. மயிர் வளரும் திசை மாறுமிடத்தில் சுழி உண்டாகிறது. நெற்றியிலும், கழுத்திலும், மார்பிலும், அடிவயிற்றின் பக்கங்களிலும் சுழியில்லாத குதிரை அரிது. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சைச் சரஸ்வதி மகால் நூல்நிலையத்தார் 1952-இல் பதிப்பித்துள்ளனர். அத்தகைய நூல்களின் வழியாகவும் செவிவழியாகவும் சுழிப்பலன் நாட்டில் வேரூன்றியிருக்கிறது. அதனைப் பழைய மரபாக மதிப்பதில் தவறில்லை. ஆனால் சுழிக்கும் காலின் வலிமைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. நல்ல சுழிக்காகப் பெரும்பணம் கொடுத்து, வளைந்த காலை வாங்கி வருவது பேதைமையாம். எனினும் சுழிகள் வேறொரு வகையில் மிகவும் பயன்படும். அது பின்னர்க் கூறப்படும்.

முன்னங்கால்கள்

குதிரையின் பாரத்தில் நூற்றுக்கு 60 பங்கு முன்னங்கால்களின்மேல் நிற்கிறது. ஏறுபவரின் பாரமும் பெரும்பாலும் அவற்றையே சாரும். அன்றியும், மனிதனுக்குள்ளதுபோன்ற காறை எலும்பு குதிரைக்கு இன்மையால், முன்னங்கால்கள் எலும்புப் பூட்டின்றித் தசைகளினாலேயே உடலோடு பிணைக்கப்பட்டுள்ளன. நொண்டலில் பெரும்பகுதி முன்னங்காலில் உண்டாவதற்கும், அதிலும் முழங்காலுக்குக் கீழே உண்டாவதற்கும் இதுவே காரணம். ஆகவே பரீக்ஷையில் செலவிடும் நேரத்திற் பாதியை இங்கே செலவிடுதல் தகும்.

குதிரையைச் சமமான, இறுகிய தரையில் நான்கு காலும் ஊன்றி நிற்கச் செய்யவேண்டும். முன்னங்கால்களை மேட்டில் ஏற்றி நிறுத்துவதும், புல்லிலோ மணலிலோ சேற்றிலோ நிறுத்திக் குளம்பை மறைப்பதும் தரகர்கள் செய்யும் வழக்கமான உபாயங்கள். பின்னர்க் கொத்தனார் உபயோகிக்கும் தூக்குக்குண்டு ஒன்று தோளின் முனையிலிருந்து தொங்குவதாக மனத்தில் பாவித்துக்கொள்க. முன்னின்று பார்க்கும்பொழுது அந்நூல் முழங்கால், கீழ்க்கால், கணு, குளம்பு இவற்றை இரு சமபாகமாகப் பிரித்துச் செல்லவேண்டும். பக்கத்தில் நின்று பார்க்கும்பொழுது, தோள் எலும்பின் நடுவிலிருந்து விழும் நூல் முழங்கையையும் முழங்காலையும் கணுவையும் ஊடறுத்துக் குதிகாலுக்குச் சற்றுப் பின்னே தரையைத் தொடவேண்டும்.

பக்கத்தில் நின்று பார்க்கையில் முழங்கால் அந்நூலுக்குப் பின்னே வளைந்து நின்றால், அது மிகக் கொடிய குறை எனக் கொள்ளலாம். கால் தரையில் ஊன்றும் ஒவ்வொரு முறையும் முழங்காலின் சிற்றெலும்புகள் முன்பக்கத்தில் ஒன்றோடொன்று நசுங்குகின்றன. பின்புறத்துத் தசைநாண்கள் இழுபடுகின்றன. நாலுகால் பாய்ச்சலில் செல்லும் குதிரைக்கு அவ்வெலும்புகளின் விளிம்பு உடைந்து தெறிப்பதும் உண்டு. இக்குறை சிறிது காணப்பட்டாலும், வேகமாகச் சவாரி செய்ய விரும்புகிறவர் அக்குதிரையை விட்டு நீங்குதல் நலம். இதற்கு மாறாக முழங்கால் முன்னே தள்ளி நிற்பது பார்ப்பதற்கு அதிகக் கோரமாயிருப்பினும் தீமையில் குறைந்ததேயாம். பிறவியிலேயே சற்று முன்வளைந்த கால்களோடு நெடுங்காலம் உழைத்த குதிரைகள் பல. ஆனால் நிற்கும்பொழுது முழங்கால் நடுங்கினாலும், முழங்காலின்மேல் மயிர் உதிர்ந்த வடு இருந்தாலும் அது உழைத்துத் தளர்ந்த கால் என்றும், ஏற்கெனவே இடறி விழுந்த குதிரை என்றும் அறியவேண்டும்.

முன்னின்று பார்க்கையில் காணும் குறைகள் வேறு. குளம்பின் முனை உட்புறம் திரும்பியிருக்கும் குதிரை நடக்கும்பொழுது காலை வெளிப்புறமாக வீசி வைக்கும். அது அழகன்று, வீண் உழைப்புமாகும், ஆயினும் மற்றக் காலில் இடிப்பதில்லை. முனை வெளிப்புறம் திரும்பிய குதிரையோ காலை உட்புறமாக வீசுவதால், ஒரு குளம்பு மற்றக் காலின் கணுவிலோ கீழ்க்காலிலோ இடித்துப் புண்ணாக்குகிறது. மார்பு ஒடுங்கிய குதிரைக்கு இத்துன்பம் இருமடங்காகும். ஆகையால் முனை வெளியே திரும்பியிருக்கக் கண்டால், கணுக்களின் உட்பக்கத்தைக் கையால் தடவி வடு உண்டா என்று பார்த்தல் அவசியம். வடுவில்லாத முதிர்ந்த குதிரையில் இக்குறை மன்னிக்கத்தக்கது. வடுவுள்ள இளங்குதிரையில் மன்னிக்கத்தக்கதன்று. கீழ்க்கால் எலும்பு முழங்காலின் நடுவிலிருந்து இறங்காமல் வெளிப்புறம் தள்ளி இறங்குவது மற்றொரு குறை. இதனால் காலின் உட்புறத்தில் பாரம் மிகுந்து, அங்கே எலும்பு முடிச்சுக்கள் தோன்றும்.

வளைந்த காலை லாடக்காரரைக்கொண்டு நேராக்கிவிடலாம் என்று விற்பவர் சொல்வதுண்டு. இதனை நம்பலாகாது. குளம்பைச் செதுக்கிக் காலின் திசையைத் திருத்துவது குட்டி பிறந்த சில மாதங்களுக்குள்ளேயே கூடும். எலும்பு முற்றிய பின்னர்க் குளம்பை நேராகத் தோன்றுமாறு செதுக்கினால், பார்வைக்கு நேராகும்; பாரம் மூட்டின் ஒரு பக்கத்திற் சாய்ந்து மூட்டு கெடும்.

கணுவும் குளம்பும்

கணுவுக்கும் குளம்புக்கும் இடையே சரிந்து நிற்கும் சிறு பகுதியே ஏறுபவருக்குச் சுகத்தையும் துன்பத்தையும் தருவது; வண்டிக்கு வில்லுப்பட்டை எப்படியோ, குதிரைக்கு இது அப்படி. இது குட்டையாகவும் செங்குத்தாகவும் இருந்தால், தரையின் அதிர்ச்சி முழுதும் குளம்பெலும்பையும் மூட்டையும் தாக்கும். ஏறியிருப்பவரின் இடுப்பும் நோகும். கடினமான தார்ச் சாலையில் செல்லும் குதிரைக்கு இது பெருங்குறை. மாறாக இது நீண்டு தாழ்ந்து சரிந்திருந்தால் சவாரி ஊஞ்சலாடுவதுபோல் இன்பமாயிருக்கும். ஆனால் கீழ்க்காலின் பின்னேயுள்ள தசைநாண்கள் ஓயாமல் இழுபட்டு விரைவில் தளரும். சந்தையில் அரைநாழிகை ஏறிப் பார்ப்பவர் இவ்வின்பத்தில் ஏமாறுவது இயல்பு. இப்பகுதியின் சரிவும் குளம்பின் முன்பக்கச் சரிவும் ஒரே கோட்டில் இருப்பதே நல்லமைப்பு.

காலில்லாவிடில் குதிரையில்லை, குளம்பில்லாவிடில் காலில்லை. உடல் பெருத்துக் குளம்பு சிறுத்த குதிரையை அழகென்று பலர் விரும்புகின்றனர். அது சிறு சக்கரத்தில் பெரும்பாரத்தை ஏற்றியது போலாகும். முன்னங்குளம்புகள் இரண்டும் அளவில் ஒத்திருக்கவேண்டும். ஒன்று மற்றதைவிடச் சிறிதாகவும் நிமிர்ந்தும் இருந்தால், அக்காலை அது நெடுநாளாக முழுதும் ஊன்றாமல் இருந்திருக்கக்கூடும். குதிகால் ஒடுங்கியிருத்தலும், குளம்புச் சுவரில் மேலிருந்து கீழ்நோக்கி வெடிப்பு இருத்தலும் ஆகா. வெடிப்பைக் களிமண்ணாலும் மெழுகாலும் அடைத்து மை பூசுவதுண்டாகையால் நீரூற்றிக் கழுவிப் பார்க்கவேண்டும். குளம்பைச் சுற்றி வளையங்கள் தோன்றுவதில் வேறுபாடு அறிதல் வேண்டும். ஒன்றுக்கொன்று இணையாகச் செல்லும் வளையங்கள் தீனி மாறுதலாலும் பருவ மாறுதலாலும் உண்டாவன, தீங்கில்லை. முன்பக்கத்தில் நெருங்கியும் குதிகாலில் அகன்றும் விரியும் வளையங்கள், குளம்பினுள்ளே அழற்சி நோய் வந்துபோனதற்கு அடையாளம். அத்தகைய குதிரையை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது. வெள்ளைக் குளம்பு கறுப்புக் குளம்பைவிட வலிமை குறைந்தது என்னும் எண்ணத்திற்கு ஆதாரமில்லை.

பின்னங்கால்கள், முதுகு முதலியன

முன்னங்கால் பாரத்தைத் தாங்குவது. பின்னங்கால் உடலை உந்துவது. ஆதலால் பின்னங்காலின் வளைவை ஓரளவு பொறுக்கலாம். பின்னின்று பார்க்கையில் முட்டிகள் ஒன்றையொன்று நெருங்கி, குளம்புகள் அகன்று நிற்கும் அமைப்பு மாட்டுக்கு இயல்பாகக் காணப்படுவது. குதிரையில் இது சிறிதளவே இருப்பின் பொருட்படுத்த வேண்டுவதில்லை. மிகுந்திருந்தால் முட்டியின் உட்பக்கத்தில் எலும்பு வளர்ந்து நொண்டும். பக்கத்தில் நின்று பார்க்கையில் கால் அரிவாள்போல் முன்வளைந்திருந்தால் முட்டியின் பின்பக்கத்து நார்கள் வருந்தும். முற்றிலும் வளைவின்றித் தூண்போல் நிற்கும் பின்னங்கால் இவ்விரண்டினும் தீயது. அத்தகைய குதிரைக்குத் தொடைமூட்டின் சில்லு இடம் பிறழ்ந்து, கால் மடங்காமல் திடீரென்று பூட்டிக்கொள்வதுண்டு. சரிவில் இறங்கும்பொழுது அவ்வாறு நேர்ந்தால் விபரீதமாகும்.

மாட்டுக்குத் திமில் இருக்குமிடத்தில் குதிரைக்கும் ஒரு மேடு உண்டு. குதிரையின் உயரம் தரையிலிருந்து அம்மேடு வரையில் அளக்கப்படுகிறது. 4 அங்குலம் ஒரு கை. 14 கையும் 2 அங்குலமும், அதாவது 58 அங்குலமும், அதற்குக் குறைந்ததும் மட்டக்குதிரை எனப்படும். இம்மேடு நன்றாக எழுந்திருந்தால் சேணம் நழுவாது. இடுப்பு இம்மேட்டைவிட உயர்ந்திருந்தால் சேணமும் ஏறுபவரும் முன்னே சரிந்து, பாரமெல்லாம் முன்னங்காலுக்குச் செல்லும். 2, 3 வயதுக் குட்டி வளர்ச்சியில் இப்படிச் சில காலம் நிற்பதுண்டு. முதிர்ந்த குதிரையில் இருந்தால் அது நிலையான குறை. நீண்ட முதுகு சீக்கிரம் குழியும். மிகக் குறுகிய முதுகு திடமானது, ஆனால் சவாரி உலுக்கும். தோள் பின்னோக்கிச் சரிந்திருப்பின் அடி நீளும். செங்குத்தாயிருப்பின் அடி குறுகி அதிரும். கழுத்து கீழ்ப்பக்கம் புடைத்து மேற்பக்கம் குழிந்திருந்தால், தலையை மேலே தூக்கிக் கடிவாளத்துக்கு அடங்காது. மேற்பல் கீழ்ப்பல்லைக் கடந்து கிளிமூக்குப்போல் தொங்கினால் மேய்ச்சலுக்கு இடையூறு. அது குட்டிக்கும் வரக்கூடியது.

நடத்திப் பார்த்தல்

நிற்கும் குதிரை பாதி உண்மைதான் சொல்லும். தளர்ந்த கயிற்றில் நேராக நடத்திச் சென்று, திருப்பிக் கொண்டுவரச் செய்து, முன்னும் பின்னும் நின்று பார்க்கவேண்டும். பின்னர்க் குறுக்குக் கால்கள் இரண்டிரண்டாக எழுந்து விழும் மெல்லோட்டத்தில் ஓட்டச் செய்க. நொண்டல் வெளிப்படுவது இந்நடையிலேயே. முன்னங்காலில் நோவுள்ள குதிரை, நோவுள்ள கால் ஊன்றும்பொழுது தலையை மேலே தூக்கும். நல்ல கால் ஊன்றும்பொழுது தலையைத் தாழ்த்தும். பலர் இதனைத் தலைகீழாக எண்ணி நல்ல காலையே குறைகூறுவர். கடினத் தரையில் கண்ணை மூடிக் குளம்போசையைக் கேட்பதும் நல்ல வழி. சீரான தாளத்தில் ஓரடி மெலிந்தால் அங்கே ஏதோ உள்ளது.

இங்கும் ஒரு சூழ்ச்சி உண்டு. பெனில்பூட்டசோன் முதலிய வலிநீக்கி மருந்துகளைக் கொடுத்தால் நொண்டல் சில நாட்களுக்கு மறைந்துவிடும். ஐயமிருப்பின், கால்நடை மருத்துவரைக்கொண்டு இரத்தம் எடுத்துச் சோதிக்கலாம்; அல்லது ஒரு வாரம் வைத்துப் பார்த்துப் பணம் தருவதாக உடன்பாடு செய்துகொள்ளலாம். இதற்கு விற்பவர் அடியோடு மறுத்தால், அம்மறுப்பையே விடையாகக் கொள்ளலாம்.

பற்களால் வயதைக் கணிக்கலாம். பால்பல் விழுந்து நிலைப்பற்கள் இரண்டரை, மூன்றரை, நாலரை வயதுகளில் இரண்டிரண்டாக முளைத்து, 5 வயதில் வாய் நிறையும். அதற்குப்பின் கணிப்பு வரவர நிச்சயம் குறையும். ஆகையால் வயது 12 என்று ஒருவர் உறுதியாகக் கூறினால், முன்னும் பின்னும் ஓரிரண்டு ஆண்டு விட்டுக் கொள்க.

மூன்று குதிரைகள்

இனி இக்குறைகளை நிறுக்கும் விதத்தை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். மலையடிவாரத்தில் நிலமுள்ள ஒருவர், நாடோறும் சரிவில் ஏறி இறங்கிப் பயிர் பார்ப்பதற்குக் குதிரை தேடுகிறார் என்று கொள்வோம். அவர் எடை 70 கிலோ, சேணம் 10 கிலோ. குதிரை தன் எடையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் சுமக்கலாகாது என்பது பொதுவிதியாதலால், அவருக்கு 400 கிலோவுக்குக் குறையாத குதிரை வேண்டும். சந்தையில் அவ்வெடையுள்ள மூன்று நிற்கின்றன. முதலாவது, 4 வயது வெள்ளை ஆண்குதிரை. அழகிய தலை, விரும்பத்தக்க சுழி, அதிக விலை. ஆனால் முழங்கால் பின்வளைந்தது. இரண்டாவது, 9 வயதுப் பெண்குதிரை. முன்குளம்புகள் சிறிது வெளியே திரும்பியவை, பின்முட்டிகள் சற்று நெருங்கியவை, முதுகும் சிறிது நீளம். கால்களைத் தடவினால் குளிர்ந்து, வீக்கமும் வடுவுமின்றியுள்ளன. மலைப்பாதையில் சில ஆண்டுகள் சுமந்து பழகியது. மூன்றாவது, 6 வயதில் விதையடிக்கப்பட்டது, நேரான கால்கள், ஆயினும் கணுவின் கீழ்ப்பகுதி குட்டையாகவும் நிமிர்ந்தும், குளம்புகள் சிறுத்துக் குதிகால் ஒடுங்கியும் உள்ளன, அடி குறுகியது.

குறைகளை எண்ணிப் பார்த்தால் பெண்குதிரைக்கே அதிகம். நிறுத்துப் பார்த்தாலோ அதுவே தக்கது. அதன் குறைகள் மூன்றும் மிதமானவை. அவற்றோடு அது ஆண்டுகள் பல உழைத்தும் கால்கள் கெடவில்லை. 9 வயது வரை உழைப்பில் வெளிப்படாத தீங்கு, அதே உழைப்பில் இனித் திடீரென வெளிப்படுவது அரிது. வெள்ளைக் குதிரையின் குறை ஒன்றே. ஆனால் அது இன்னும் உழைப்பினால் சோதிக்கப்படாத முழங்காலில் உள்ளது. சரிவில் இறங்கும் ஒவ்வோர் அடியும் அவ்விடத்தையே தாக்கும். மூன்றாவது குதிரை மணற்பாங்கான சமநிலத்தில் மெதுவாகச் சவாரி செய்பவருக்குப் பயன்படக்கூடும். கல்லுள்ள மலைப்பாதைக்கு ஆகாது. ஒன்றுமாத்திரம் கவனிக்கவேண்டும். பெண்குதிரையைக் குட்டி போடுவதற்காகவே வாங்குவதாயின் தீர்ப்பு மாறக்கூடும். அது தாங்கிக்கொண்ட வளைவைக் குட்டியும் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. குறை மாத்திரம் வழிவழியாய்ச் செல்லும்.

ரசீதும் நோய்ப் பாதுகாப்பும்

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, பார்த்து வாங்கிய பொருளின் குறைக்குப் பொதுவாக விற்பவர் பொறுப்பாளியாகார். ஆனால் வாங்குபவர் இன்ன வேலைக்கென்று அறிவித்து, அத்தொழிலையே செய்யும் வியாபாரியின் திறமையை நம்பி வாங்கியிருந்தால், அவ்வேலைக்கு ஏற்றதாயிருக்கவேண்டும் என்னும் நிபந்தனை ஏற்படும். ஆகவே சவாரிக்கென வாங்கப்பட்டது என்றும், நொண்டலும் கண்குறையும் இல்லையென்று விற்பவர் உறுதி கூறினார் என்றும் ரசீதில் எழுதி வாங்குதல் வேண்டும். முன்னர்க் குறித்த சுழிகள் இங்கேதான் பயன்படுகின்றன. நிறமும் சுட்டியும் ஒத்த குதிரைகள் பல உண்டு. சுழிகளின் இடமும் எண்ணிக்கையும் முற்றும் ஒத்தவை அரிது. அவற்றை இடம் குறித்து ரசீதில் எழுதிவிட்டால், பேசிய குதிரைக்குப் பதிலாக வேறொன்றை ஓட்டிவிடும் மோசம் நடவாது.

கிளாண்டர்ஸ் என்னும் தொற்றுநோய் 2006 முதல் இந்தியாவில் மீண்டும் தலைகாட்டியிருக்கிறது. மூக்கிலிருந்து பிசினான சீழ் வடிதலும், தோலில் வரிசையாகக் கட்டிகள் எழுந்து உடைதலும் இதன் குறிகள். இது மனிதரையும் பற்றிக் கொல்லக்கூடியது, தடுப்பூசி இல்லை. வெளிமாநிலத்துக் குதிரையை வாங்குபவர், இந்நோயில்லை என்னும் இரத்தப் பரிசோதனைச் சான்றைக் கேட்டுப் பெறவேண்டும். 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, பட்டியலிலுள்ள நோய் கண்டதாக ஐயுறும் உரிமையாளர் கிராம அதிகாரிக்கோ ஊராட்சிப் பொறுப்பாளருக்கோ அறிவிக்கவேண்டும். அவர் அதனை அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு எழுத்து மூலம் தெரிவிப்பார். புதிதாக வாங்கிய குதிரையை மூன்று வாரம் வரையில் மற்றக் குதிரைகளிலிருந்து பிரித்துக் கட்டி, தனித்தொட்டியில் நீர் காட்டி வருதல் வேண்டும்.